அந்த வெள்ளிக்கிழமை வராத புயல்

சென்ற மாதம் பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் எல்லோரும் என்னை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தீர்கள். இலையில் இரண்டாவது தடவை சோறு விழுவதற்குள் கேள்வி வந்துவிட்டது. "அக்கா, உங்க சர்வீஸ்ல நீங்க பார்த்த பெரிய புயல் எது?" நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வாயில் அப்பளம் இருந்தது ஒரு காரணம். உண்மையைச் சொன்னால் உங்களுக்குச் சப்பென்று போய்விடுமே என்பது இன்னொரு காரணம். ஏனென்றால் என்னால் மறக்க முடியாத புயல் வரவே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதி அனுப்புகிறேன். பொறுமையாகப் படியுங்கள். நடுவில் கைப்பேசியை எடுத்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

நான் கப்பலில் வேலை செய்தவள் இல்லை. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்து, மோனோரயில் போவது தெரிகிற ஜன்னலோரம் உட்கார்ந்து, எங்கோ நடுக்கடலில் போகிற கப்பல்களோடு மல்லுக்கட்டியவள். எண்ணெய் எடுக்கிற நாட்டில் கப்பல் நிரம்புவதிலிருந்து, நம் கடற்கரையில் இருக்கிற சுத்திகரிப்பு ஆலையின் டேங்கில் கடைசிச் சொட்டு விழுகிறவரை அந்தப் பயணம் எங்கள் மேசையின் பொறுப்பு. கேட்க எளிதாகத்தான் இருக்கும். "எண்ணெயை ஏத்தறோம், எடுத்துட்டு வர்றோம், இறக்கறோம், அவ்வளவுதானே ஆன்டி?" என்று என் தங்கை மகன் ஒருமுறை கேட்டான். அவ்வளவுதான் என்றேன். அவனுக்கு மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் இருந்தால் போதும், கதை எதற்கு?

அந்த ஆலையில் எண்ணெய் வரவைத் திட்டமிடுகிற பிரிவில் இருந்தவர் ரொஹானா. எந்தக் கப்பல் எப்போது வர வேண்டும், எந்த எண்ணெய் எந்த டேங்குக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அவர் கணக்கு. காலையில் நான் கைப்பையைக் கீழே வைப்பதற்குள் தொலைபேசி அடிக்கும். வணக்கம் கிடையாது, நலமா கிடையாது. "என் கப்பல் எங்கே?" என்பார். கப்பல் என் முந்தானையில் முடிந்து வைத்த சாவி போலக் கேட்பார். பதில் சொன்னால், ஏன் நேற்றைவிட மெதுவாக வருகிறது என்பார். காற்று எதிரே அடிக்கிறது என்றால், யாரைக் கேட்டு அடிக்கிறது என்பார். எங்கள் அலுவலகத்தில் அவருக்கு நான் வைத்த பெயர் மாமியார். பல வருஷம் இப்படிப் பேசியும் அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. நாங்கள் பேசிக்கொண்டது மலாயில், அவரை நான் கூப்பிட்டது 'புவான்', அதாவது மேடம். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். அந்தக் குரலின் காரத்தை மட்டும் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடந்ததைச் சொல்லும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கச்சா எண்ணெய் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. சிலது தண்ணீர் மாதிரி ஓடும். சிலதில் மெழுகு அதிகம். சூடாக இருக்கிறவரை நல்ல பிள்ளை, சூடு குறைந்தால் ஃபிரிட்ஜில் வைத்த நெய்யாக உறைந்துவிடும். அதனால் கப்பலிலேயே நீராவிக் குழாய் வைத்துச் சூடாக்கிக்கொண்டே கொண்டு வருவார்கள். பெரிய கப்பல் கரைக்கு வராது. கடலில் ஒரு மிதவையில் கட்டிக்கொள்ளும். கப்பலிலிருந்து மிதவைக்குப் பெரிய ரப்பர் ஹோஸ் போகும், மிதவையிலிருந்து கடலடிக் குழாய் வழியாக எண்ணெய் கரைக்கு வரும். மெழுகு எண்ணெய் அந்தக் குழாயில் அசையாமல் நின்றால் கடலடிக் குளிரில் இறுகிவிடும். அப்புறம் ஆலைக்கு வேறு வழியே இல்லை. ஆகவே மெழுகு எண்ணெய் இறக்கி முடிந்ததும், அதே கப்பலில் இருக்கிற லேசான எண்ணெயை உள்ளே தள்ளிக் குழாயைக் கழுவிவிடுவோம். முதலில் மெழுகு, கடைசியில் லேசு. இந்த வரிசையை எவரும் மாற்றுவதில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. கப்பல் மிதவையில் கட்டி, மெழுகு எண்ணெய் இறங்கிக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் இன்னும் கப்பலில்தான் இருந்தது. மதியத் தொழுகை நேரம். என் மேலதிகாரி நசீர் அண்ணனின் அப்பாவுக்கு மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஜவுளிக்கடை. வெள்ளிதோறும் அண்ணன் அங்கே போய்த் தொழுதுவிட்டு, அப்பாவோடு சாப்பிட்டுத்தான் திரும்புவார். ஆலையிலும் அப்படித்தான். ரொஹானாவின் தலைவர், அவருக்கு அடுத்தவர், டேங்குகளுக்குப் பொறுப்பானவர் மூவரும் பள்ளிவாசலில் இருந்தார்கள். கைப்பேசிகள் வாயடைத்திருந்தன. அதைக் குறை சொல்ல மாட்டேன். தொழப் போனவரை இடையில் கூப்பிட யாருக்கு மனசு வரும்? எங்கள் தவறு வேறு. அந்த நேரத்தில் ஏதாவது ஆனால் முடிவெடுக்கிற அதிகாரம் யாருக்கு என்று எந்தக் கூட்டத்திலும் நாங்கள் பேசியதில்லை. வெள்ளி மதியம் கடல்கூட ஓய்வெடுக்கும் என்று எல்லோருமே நம்பிக்கொண்டிருந்தோம்.

கப்பலிலிருந்து அழைப்பு வந்தது. கேப்டன் தூத்துக்குடிக்காரர். வேலை நேரத்தில் ஆங்கிலம்தான் பேசுவார். அன்று எடுத்த எடுப்பில் தமிழில் பேசினார். நான் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"மேடம், மேக்க வானம் சரியில்ல. சுமத்திரா பக்கமிருந்து காத்தும் மழையுமா ஒரு மழைக்கோடு நேரா நம்மளப் பாத்து வருது. ராடார்ல நல்லா தெரியுது."

"நிறுத்திடலாமா கேப்டன்?"

"நிறுத்தணும்னா நான் யார்கிட்டயும் கேக்க வேண்டாம், இப்பவே நிறுத்திடுவேன். ஆனா உங்க குழாய் பூரா மெழுகு நிக்கும். புயல் தணிஞ்சு நான் திரும்ப வந்து கட்டுறதுக்குள்ள அது கல்லாயிரும். இப்பவே லேசு எண்ணெய்க்கு மாத்தினா குழாயும் சுத்தமாவும், காத்து வர்றதுக்கு முன்னாடி ஹோஸையும் கழட்டிரலாம். ஆனா அது போய் விழுறது அவங்க டேங்க்ல. அவங்க சொல்லணும்."

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"யோசிக்க நேரம் இல்ல மேடம். ஹோஸைக் கழட்ட லாஞ்ச் படகுல ஆளுங்க நிக்கானுவ. கடல் பொங்கினப்புறம் அவனுவளப் பக்கத்துல விட்டா உசிருக்கு உத்தரவாதம் இல்ல. கொஞ்சம் தாமதிச்சா ரெண்டுல ஒண்ணு போயிரும். குழாயா, ஆளா."

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். லேசு எண்ணெய்க்கான டேங்கை ஆலையில் இன்னும் காலிசெய்து முடிக்கவில்லை. மெழுகு எண்ணெய் இருக்கிற டேங்கில் லேசு எண்ணெயை விட்டால் அவர்கள் மாதக்கணக்காகப் போட்ட திட்டம் குட்டிச்சுவர். ஆலையின் ஒரு பகுதி சில நாள் மெதுவாக ஓட வேண்டியிருக்கும். அதற்கு அனுமதி தர வேண்டியவர் பள்ளிவாசலில் இருக்கிறார். காத்திருந்தால் எனக்கு ஒரு பழியும் வராது. "மேலதிகாரி இல்லை, காத்திருந்தேன்" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளலாம். அந்த லாஞ்சில் நிற்பவர்கள் அப்போது என்ன ஆவார்கள் என்பதுதான் கேள்வி.

நசீர் அண்ணனுக்கு அடித்துப் பார்த்தேன். ஆலையின் தலைவருக்கு அடித்தேன். கடைசியில் ரொஹானாவை அழைத்தேன். எடுத்தவுடன், "இப்போது என்ன?" என்றார். கேப்டன் சொன்னதைச் சொன்னேன். அதுவரை அவரிடம் சொல்லாத ஒன்றையும் சொன்னேன். "புவான், எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை."

அவர் கத்தவில்லை. மழைக்கோடு எவ்வளவு வேகம் என்று கேட்டார். சொன்னேன். லாஞ்சில் ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். வேறு யாரையெல்லாம் கூப்பிட்டாய் என்று கேட்டார். சொன்னேன். 

அடுத்து அவர் சொல்லப்போகிற சொல்லுக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். அவருடைய தலைவர் அந்த ஆண்டு ஓய்வு பெறவிருந்தார். அந்த இடத்துக்கு ரொஹானாதான் என்று எங்கள் தொழிலில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அந்த நாற்காலியில் ஒரு பெண் அதுவரை உட்கார்ந்ததில்லை. எண்ணெயைக் கலக்கச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. சொன்னால் அந்த நாற்காலி கை நழுவிவிடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் "காத்திரு" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் குறை நினைத்திருக்க மாட்டேன்.

"மாற்றச் சொல்" என்றார்.

"புவான், உங்கள் டேங்க் கெட்டுப்போகும்."

"டேங்க் கெட்டால் நான் சரிசெய்வேன். குழாய் உறைந்தால் யார் சரிசெய்வது? ஆள் போனால் யார் திருப்பித் தருவது? மாற்றச் சொல். யார் சொன்னார் என்று கேட்டால் ரொஹானா என்று சொல். போ, கேப்டனிடம் பேசு."

சொன்னேன். கப்பலில் வால்வுகளைத் திருப்பினார்கள். லேசு எண்ணெய் மெழுகைத் தள்ளிக்கொண்டு கரைக்குப் போனது. லாஞ்ச் ஆட்கள் அமைதியான கடலில் ஹோஸைக் கழற்றிவிட்டுக் கரை திரும்பினார்கள். கப்பல் மிதவையை விட்டு ஆழத்துக்குப் போனது. நான் ஜன்னலோரம் நின்று புயலுக்காகக் காத்திருந்தேன்.

புயல் வரவில்லை.

வடக்கே திரும்பிவிட்டது. எனக்கு அதைச் சொன்னது வானிலைக்காரர்கள்கூட இல்லை, என் வீட்டுக்காரர். கிள்ளானிலிருந்து அழைத்தார். "சரோ, இங்க பேய் மழை லா. காப்பார் ரோடெல்லாம் தண்ணி. நீ காயப்போட்ட துணி அத்தனையும் நனைஞ்சு போச்சு." அடுத்த நிமிடம் கேப்டன் அழைத்தார். "மேடம், இங்க ஒரு தூத்தல்கூட இல்ல" என்றார். அவர் குரலில் இருந்த சங்கடம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. என் வாழ்க்கையிலேயே நல்ல செய்தி கேட்டு அழத் தோன்றியது எனக்கு அந்த ஒரு நாள்தான்.

நசீர் அண்ணன் எனக்கும் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

"என்ன ஆச்சு சரோ?"

சொல்லி முடிக்கிறவரை அவர் உட்காரவே இல்லை. திட்டுவார் என்று நினைத்தேன். "நான் இங்க இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல லா" என்றார். பிறகு, "விசாரணை வைப்பாங்க. நடந்தத அப்படியே சொல்லு. ஒண்ணும் சேக்காத, ஒண்ணும் மறைக்காத. மொதல்ல சாப்பிடு" என்றார். நல்ல மேலதிகாரி கிடைப்பது நல்ல சம்பளம் கிடைப்பதைவிட அபூர்வம். எனக்குக் கிடைத்தார். இதற்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

விசாரணை ஆலையில் நடந்தது. அங்கேதான் ரொஹானாவை முதன்முதலாகப் பார்த்தேன். அந்தக் குரலுக்கு ஆறடி உயரம் வைத்திருந்தேன். என் தோளுக்குத்தான் இருந்தார். கண்ணாடி, தலையில் சாம்பல் நிறத் தூடோங் முக்காடு, கையில் ஒரு இருமல் மிட்டாய். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார்.

கேள்வி கேட்க மூன்று பெரியவர்கள். அதில் ஒருவர் நடந்ததைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆனால் புயல்தான் வரவில்லையே. இவ்வளவு அவசரம் எதற்கு? டேங்க் கெட்டதுதான் மிச்சம்" என்றார். அறையில் ஒருவர் சிரித்தார்.

நான் வாய் திறந்தேன். "கேட்டது நான்" என்று ஆரம்பித்தேன். ரொஹானா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"அவர் கேட்டார். சொன்னது நான். புயல் வந்ததா என்று நீங்கள் இப்போது கேட்கிறீர்கள். எனக்கு இப்போது தெரிவது அப்போது தெரியாது. அப்போது தெரிந்தது, மழைக்கோடு எங்களைப் பார்த்து வருகிறது, கடலில் ஆட்கள் நிற்கிறார்கள், இரண்டுதான். நாளைக்கு அதே வானம் வந்தாலும் நான் அதையேதான் சொல்வேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்."

எழுதிக்கொண்டார்கள். சில வாரம் கழித்து அந்த நாற்காலிக்கு வேறொருவர் வந்தார். காரணம் இதுதான் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

விசாரணை முடிந்த அன்றே, என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்துதான், நான் கார் நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்தேன். "என்னால்தான் உங்களுக்கு இந்தக் கஷ்டம். மன்னித்துவிடுங்கள்" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு வந்தது கோபம்.

"எதற்கு மன்னிப்பு? நீ மன்னிப்புக் கேட்டால் நான் தப்புச் செய்தேன் என்றாகிவிடும். நான் தப்புச் செய்யவில்லை." அந்தப் பழைய தொலைபேசிக் குரல் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. என் கைக்குட்டை எங்கே என்று நான் தேடுவதற்குள் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். "சாப்பிட்டாயா?" என்றார். இல்லை என்றேன். "பசியோடு அழக்கூடாது" என்று சொல்லி, வாசலில் இருந்த கடைக்கு இழுத்துப் போய் மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார். அங்கே உட்கார்ந்து அவருக்கு நான் வைத்த பெயரைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அவர் வைத்திருந்த பெயரையும் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன்.

தம்பி தங்கைகளே, இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். இந்த வேலையில் நாம் எடுக்கிற நல்ல முடிவுகளில் பெரும்பாலானவை எடுத்ததற்கான அடையாளமே இல்லாமல் போய்விடும். ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யாரும் மாலை போட மாட்டார்கள், சில சமயம் திட்டுவார்கள். பிறகு நடந்ததை வைத்து உங்களை அளக்கிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். நீங்கள் உங்களை அப்படி அளந்துகொள்ளாதீர்கள். அந்த நேரத்தில் உங்கள் கையில் இருந்தது என்ன, அதை வைத்து நேர்மையாக யோசித்தீர்களா என்று மட்டும் பாருங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். என் பணிக்காலத்தில் நான் சொன்ன மிக உபயோகமான வாக்கியம் அதுதான். தொலைபேசியின் மறுமுனையில் உங்களைக் காலையிலிருந்து படுத்துகிற ஆளை அவசரப்பட்டு எதிரி என்று எண்ணிவிடாதீர்கள். அந்த மாமியார் இல்லையென்றால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெற்ற பிறகு கிள்ளானில் ஒரு கல்யாண விருந்து. என் பக்கத்து இலையில் ஒரு வாலிபர், மடியில் சின்னப் பெண் குழந்தை. என்ன வேலை தம்பி என்று கேட்டேன். கடலில் எண்ணெய்க் கப்பலுக்கு ஹோஸ் மாட்டிக் கழற்றுகிற வேலை என்றார். எந்த ஆலை என்று கேட்டேன். அதேதான். நான் அந்தத் தொழிலில் இருந்தவள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அவரே பேசிக்கொண்டு போனார்.

"ஆபத்தான வேலையா தம்பி?"

"சில நாள் ஆன்டி. சில நாள் சும்மா பயங்காட்டுவாங்க. நான் சேர்ந்த புதுசுல ஒரு வெள்ளிக்கிழமை, கப்பல்ல பாதி எண்ணெய் அப்படியே இருக்கு, புயல் வருது புயல் வருதுன்னு ஹோஸைக் கழட்டச் சொல்லி எங்கள வெரட்டிட்டாங்க. கரைக்கு வந்து பாத்தா வெயில் அடிக்குது! ஆபீஸ்ல உக்காந்திருந்த யாரோ பயந்தாங்கொள்ளி லா."

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்ய? சீக்கிரம் வீட்டுக்குப் போய்ட்டேன். அப்ப இவ பொறக்கல. வீட்டம்மாவ பாசார் மாலாம், அந்த ராத்திரிச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போய்ச் சுத்திட்டு வந்தேன். அதுதான் லாபம்."

நான் நன்றாகச் சிரித்தேன். "ஆமாம் தம்பி, பயந்தாங்கொள்ளிங்கதான்" என்றேன். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு அந்த இலையில் இன்னொரு ஜிலேபி வைக்கச் சொன்னேன். குழந்தை அதை எடுத்துக்கொண்டது.

மண்டபத்துக்கு வெளியே வந்ததும் ரொஹானாவுக்கு அழைத்தேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார், செமினியில் மகளோடு இருக்கிறார். நடந்ததைச் சொன்னேன். பயந்தாங்கொள்ளி என்றதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், அல்லது சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டார்.

மூன்று இருக்கும் என்றேன்.

"அல்ஹம்துலில்லா" என்றார்.